நைட் விஷன் கருவியைக் கேமராவில் பொருத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

நிலவு இல்லாத, மேகமும் இல்லாத இரவில், விளக்குகள் எட்டாத ஓர் இடத்தில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 0.001 லக்ஸ். முழுநிலவு இரவென்றால் 0.1 முதல் 0.25 லக்ஸ் வரை இருக்கும். விளக்குப் போட்ட அறைக்குள் 100 லக்ஸ் என்பது சாதாரணம். அந்த அறைக்குள் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, 1/80 நொடி என்று வைத்தால் ஒழுங்கான படம் வந்துவிடும். அதே படம் நட்சத்திர வெளிச்சத்தில் வேண்டுமென்றால் ஒரு லட்சம் மடங்கு ஈடுகட்ட வேண்டும். லென்ஸை எஃப்/1.4 வரை திறந்து, ஐஎஸ்ஓவை 25,600-க்கு ஏற்றிய பிறகும் ஷட்டர் ஏறத்தாழ 20 நொடி திறந்திருக்க வேண்டும்.

பாறையும் மரமும் 20 நொடி காத்திருக்கும். பறக்கும் வௌவால் காத்திருக்காது. வீடியோ என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1/25 நொடிதான். 20 நொடிக்கும் 1/25 நொடிக்கும் நடுவில் 500 மடங்கு வித்தியாசம். நைட் விஷன் கருவியைக் கேமராவோடு சேர்ப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுக்கப்போவது அசையாத காட்சி என்றால் இந்தக் கருவி உங்களுக்குத் தேவையில்லை. ஒரு முக்காலியும் நல்ல லென்ஸும் பொறுமையும் போதும். வண்ணத்தோடு, துல்லியமாக, இதைவிட நல்ல படம் கிடைக்கும். அசைவதை அது அசையும் வேகத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

நைட் விஷன் என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. வெப்பக் கேமரா ஒன்று: பொருள்கள் தாமாக வெளியிடும் 8 முதல் 14 மைக்ரான் வரையான அகச்சிவப்புக் கதிர்களைப் பிடிப்பது. அந்தக் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியைக் கடக்காது என்பதால், அதன் முன்னால் நம் லென்ஸை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது டிஜிட்டல் நைட் விஷன்: அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத சாதாரண சென்சாரும், கூடவே ஓர் அகச்சிவப்பு விளக்கும். அதுவே ஒரு கேமரா என்பதால் அதைக் கேமராவோடு இணைக்கும் கேள்வியே எழாது. மூன்றாவதுதான் நம் விஷயம்: வெற்றிடக் குழாய்க்குள் ஒளியைப் பெருக்கிக் காட்டும் கருவி. இந்த வட்டாரத்தில் எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘ட்யூப்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ட்யூபுக்குள் நடப்பது

முன்லென்ஸ் காட்சியை ட்யூபின் முன்முகத்தில் விழச் செய்கிறது. அந்த முகத்தின் உட்புறம் ஃபோட்டோகேத்தோடு என்ற மிக மெல்லிய பூச்சு. ஃபோட்டான் அதில் மோதினால் ஓர் எலெக்ட்ரான் வெளியே குதிக்கும். 1887-ல் ஹெர்ட்ஸ் கவனித்து, 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவுதான் இது. வெளியே வந்த எலெக்ட்ரானை மின்னழுத்தம் இழுத்துக்கொண்டு போய் மைக்ரோசேனல் தட்டு என்ற கண்ணாடி வில்லையில் விடுகிறது. அந்த வில்லை முழுவதும் நுண்துளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 10 மைக்ரானுக்குள், எண்ணிக்கை லட்சக்கணக்கில். துளைகள் கொஞ்சம் சாய்வாக இருப்பதால் உள்ளே போகும் எலெக்ட்ரான் சுவரில் மோதாமல் தப்ப முடியாது. ஒவ்வொரு மோதலிலும் புதிய எலெக்ட்ரான்கள் கிளம்பும், அவையும் மோதும். ஒன்றாக நுழைந்தது பெருங்கூட்டமாக வெளியே வரும். வந்த கூட்டம் பல ஆயிரம் வோல்ட்டில் முடுக்கப்பட்டு, எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூசிய திரையில் மோத, திரை ஒளிர்கிறது. துளைகள் அதே வரிசையில் இருப்பதால் காட்சியின் உருவமும் கலையாமல் திரைக்கு வந்து சேர்கிறது.

லென்ஸ் எப்போதும் காட்சியைத் தலைகீழாகத்தான் விழச் செய்யும். கையில் பிடித்துப் பார்க்கும் பெரும்பாலான ஒற்றைக்கண் கருவிகளில், திரைக்குப் பின்னால் 180 பாகை முறுக்கிய கண்ணாடி இழைக் கற்றை ஒன்றை வைத்து அதை நிமிர்த்திவிடுகிறார்கள். கேமராவுக்கு இது அவசியமே இல்லை. படத்தைக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம். அறிவியல் கருவிகள் பலவற்றில் அந்த முறுக்கு இருக்காது.

தலைமுறைக் கணக்கும் உங்கள் காதில் விழும். மைக்ரோசேனல் தட்டு இல்லாதது முதல் தலைமுறை. 1960-களில் பயன்பாட்டுக்கு வந்தது, ஓரங்களில் உருவம் வளையும். தட்டு சேர்ந்தது இரண்டாம் தலைமுறை. ஃபோட்டோகேத்தோடில் காலியம் ஆர்சனைடு வந்தது மூன்றாம் தலைமுறை. இன்றைய நல்ல இரண்டாம் தலைமுறை ட்யூப், பழைய மூன்றாம் தலைமுறை ட்யூபை மிஞ்சும். ஆகவே தலைமுறை எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அந்த ட்யூபுக்கென்று தனியாகக் கொடுக்கும் அளவீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ட்யூப் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை

புதியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ட்யூபின் பெருக்கம் பல்லாயிரம் மடங்கு என்று படித்ததும், இருட்டு பல்லாயிரம் மடங்கு தெளிவாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெருகுவது ஏற்கெனவே பிடிபட்ட ஃபோட்டான்களின் அடையாளம் மட்டும்தான். ஒரு நொடியின் 25-ல் ஒரு பங்கில் காட்சியின் ஒரு மூலையிலிருந்து ஏழெட்டு ஃபோட்டான்களே வந்தன என்றால், திரையில் ஏழெட்டுப் புள்ளிகளே மின்னும். ஒவ்வொன்றும் பிரகாசமாக மின்னும், அவ்வளவுதான். உலர்ந்த தரையில் தூறல் தொடங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளி விழுமே, அதுபோல. சற்று நேரம் போனால்தான் எங்கே நனைகிறது, எங்கே கூரை மறைக்கிறது என்று புரியும். இருட்டு கூடக் கூட நைட் விஷன் படத்தில் பொரிப்பொரியாகத் துடிக்கும் மினுமினுப்பு இதனால்தான் வருகிறது. அது கருவியின் கோளாறு இல்லை. அந்த இரவில் அவ்வளவு ஒளிதான் இருக்கிறது.

அப்படியென்றால் சாதாரண சென்சாரைவிட ட்யூப் எதில் உசத்தி? ஃபோட்டானைப் பிடிப்பதில் இல்லை என்பதுதான் வியப்பு. இன்றைய நல்ல சென்சாரின் சிலிக்கான், தன்மேல் விழும் ஃபோட்டான்களில் பாதிக்கு மேல் பிடித்துவிடும். ட்யூபோ பூச்சிலும் தட்டின் துளையிடைவெளிகளிலும் இழந்ததுபோகப் பாதிக்கும் குறைவாகத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் வண்ணக் கேமராவின் சென்சார்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் இருக்கின்றன. வந்ததில் பெரும்பகுதியை அவை தின்றுவிடும். அவற்றுக்கும் முன்னால் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி, இரவில் ஏராளமாகக் கிடைக்கும் அண்மை அகச்சிவப்பு ஒளியை மொத்தமாகத் தள்ளிவிடும். இதையெல்லாம் தாண்டிப் பிடிபட்ட ஓரிரு எலெக்ட்ரான்களை, ஒவ்வொரு ஃபிரேமையும் படிக்கும்போது எழும் மின்னிரைச்சல் விழுங்கிவிடும். ட்யூபில் ஒரு ஃபோட்டானின் அடையாளமே அந்த இரைச்சலைவிடப் பல மடங்கு ஓங்கி நிற்கும். ஃபிரேம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு இது பலம். நீண்ட எக்ஸ்போஷரில் இந்தப் பலத்துக்கு வேலையில்லை.

இந்த இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த சோனி ஆல்ஃபா 7எஸ் ஐஎஸ்ஓ 4,09,600 வரை போனது. 2015-ல் கேனான் அறிவித்த எம்இ20எஃப்-எஸ்ஹெச் என்ற கேமரா, 40 லட்சத்தைத் தாண்டிய ஐஎஸ்ஓவுக்கு இணையான நிலையில் வண்ண வீடியோவே எடுத்தது. நிலவொளி இருந்தால் இத்தகைய சென்சார்களே போதும் என்பது என் கருத்து. நிலவு மறைந்த பிறகு ட்யூபுக்கு இன்னும் ஈடில்லை.

கேமரா எங்கே உட்கார வேண்டும்?

ட்யூபையும் கேமராவையும் இணைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: எவ்வளவு இருட்டில் படம் வரும் என்பதைத் தீர்மானிப்பது ட்யூபுக்கு முன்னால் இருக்கும் லென்ஸ். பின்னால் இருக்கும் லென்ஸ் ஒளிரும் திரையைப் படமெடுக்கிறது, அவ்வளவே. கேமராவுக்கு எஃப்/1.2 லென்ஸ் வாங்கி ட்யூபின் பின்னால் மாட்டினால் ஒரு நட்சத்திரம்கூடக் கூடுதலாகத் தெரியாது. அந்தப் பணத்தை ட்யூபின் முன்னால் செலவழிக்க வேண்டும்.

அறிவியல் கேமராக்களில் ட்யூபின் திரையைக் கண்ணாடி இழைக் கற்றை வழியாக நேராகச் சென்சாரிலேயே ஒட்டிவிடுகிறார்கள். ஒளி வீணாவது மிகக் குறைவு; ஆனால் அது தொழிற்சாலை வேலை, நாம் கைவைக்க முடியாது. கேமரா உடலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ட்யூபை வைப்பது இன்னொரு முறை. எலெக்ட்ரோஃபிசிக்ஸ் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோஸ்கோப் இப்படித்தான் இயங்கும்: முன்னால் உங்கள் லென்ஸ், நடுவில் ட்யூப், அதன் திரையைச் சென்சாருக்குக் கொண்டுவர ஒரு ரிலே லென்ஸ், கடைசியில் கேமரா. விருப்பமான டெலி லென்ஸை மாட்டலாம் என்பது இதன் பெரிய வசதி. ட்யூபின் முகம் 18 மி.மீ. வட்டம் என்பதால் 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 20 பாகைக் காட்சியும் 100 மி.மீ. லென்ஸுக்கு 10 பாகைக் காட்சியும் கிடைக்கும். ரிலே லென்ஸ் திரையின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சேர்க்கும். திரையே அவ்வளவு பிரகாசம் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியாது.

கேமரா லென்ஸுக்கும் முன்னால் வைக்கும் ‘கிளிப்-ஆன்’ வகையும் உண்டு. கேமரா லென்ஸ் அதன் வழியாகத் தூரத்துக் காட்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். டெலி லென்ஸை நீட்ட நீட்ட ட்யூபின் பொரியும் சேர்ந்து பெரிதாகும் என்பதால், ஓரளவு உருப்பெருக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒற்றைக்கண் கருவியின் ஐபீஸுக்குப் பின்னால், நாம் கண் வைக்கும் இடத்தில், கேமராவை வைப்பது. புதியவர்களுக்கு ஏற்றது இதுதான். இருக்கும் கருவியை வெட்டவோ பிரிக்கவோ வேண்டாம். கேமராவைக் கழற்றினால் கருவி பழையபடி கண்ணுக்குப் பயன்படும். இனி வரும் விவரங்கள் இந்த முறைக்கானவை. அளவுகளை, பரவலாகப் புழங்கும் பிவிஎஸ்-14 என்ற ஒற்றைக்கண் கருவி வகையை வைத்துச் சொல்கிறேன்: 18 மி.மீ. ட்யூப், எஃப்/1.2 முன்லென்ஸ், 40 பாகைக் காட்சி, உருப்பெருக்கம் ஒன்று.

ஐபீஸுக்குப் பின்னால்: எந்த லென்ஸ்?

ஐபீஸிலிருந்து வரும் ஒளி வெகு தூரத்திலிருந்து வருவதுபோலக் கதிர்கள் இணையாக வருகிறது. எனவே கேமரா லென்ஸை முடிவிலியில் வைத்தால் ஃபோகஸ் ஆகிவிடும். காட்சி 40 பாகை அகல வட்டம். அந்த வட்டம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: லென்ஸின் குவியத் தூரத்தை 0.73-ஆல் பெருக்குங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 36 மி.மீ. வட்டம், ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலத்துக்குச் சரியாக நிரம்பி, மேலும் கீழும் வெட்டுப்படும். 33 மி.மீ. பக்கம் வந்தால் முழு வட்டமும் 24 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு முழு வட்டம் வேண்டுமென்றால் 21 மி.மீ., அகலத்தை நிரப்ப வேண்டுமென்றால் சுமார் 32 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு முறையே 18, 24. வீடியோவுக்கு நான் அகலத்தை நிரப்பும் பக்கம்தான் சாய்வேன். கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு வட்டம் மிதப்பதைப் பார்ப்பவர் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

குவியத் தூரம் பொருந்தினால் மட்டும் போதாது. கேமரா லென்ஸின் ‘கண்’, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் அபெர்ச்சர் தெரியும் இடம், ஐபீஸுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பிவிஎஸ்-14-ல் நம் கண் இருக்க வேண்டிய தூரம் சுமார் 25 மி.மீ. ஜூம் லென்ஸ்களிலும் முன்கண்ணாடி பெரிதான லென்ஸ்களிலும் அந்தக் ‘கண்’ மிக உள்ளே தள்ளி இருக்கும். விளைவு, ஓரமெல்லாம் இருட்டு. சிறிய, தட்டையான, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ்கள் இதற்கு நல்லவை. செல்போன் கேமரா இதில் சிறப்பாக இயங்குவதற்கும் காரணம் இதுவே: அதன் லென்ஸின் ‘கண்’ முன்முகத்திலேயே இருக்கிறது. ஐபீஸில் செல்போனைப் பிடிக்கும் அடாப்டர் ஒன்று இருந்தால் முதல் இரவிலேயே பார்க்கத் தகுந்த வீடியோ கிடைத்துவிடும்.

அபெர்ச்சரை முழுக்கத் திறக்காதீர்கள். ஐபீஸ் மனிதக் கண்ணுக்காக வடிவமைத்தது; இருட்டில் நம் கண்மணி விரிவது 7 மி.மீ. வாக்கில்தான். 35 மி.மீ. லென்ஸை எஃப்/2-ல் வைத்தால் அதன் வாய் 17 மி.மீ. ஆகிறது. ஐபீஸின் திருத்தப்படாத ஓரங்கள் வழியாக வரும் கதிர்களும் அதற்குள் நுழைந்து படத்தை மழுங்கடிக்கும். எஃப்/4-லோ எஃப்/5.6-லோ வைத்துப் பாருங்கள். ஓரம்வரை கூர்மை வரும். குறையும் ஒளியைப் பற்றிக் கவலை வேண்டாம். திரையின் பிரகாசம் தாராளம்.

இணைப்புக்கு ஐபீஸின் ரப்பர் கப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் திருகு வளையம் ஒன்றும், அதிலிருந்து உங்கள் லென்ஸின் ஃபில்டர் அளவுக்குப் போகும் ஸ்டெப்-அப் ரிங் ஒன்றும் போதும். ஆனால் கருவி கிட்டத்தட்ட 400 கிராம் எடை. ஃபோகஸுக்காக முன்பகுதி நீண்டு சுருங்கும் லென்ஸில் அதைத் தொங்கவிட்டால் மோட்டார் கெடும், அச்சும் சாயும். கீழே ஒரு ரெயில் வைத்துக் கருவிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாகத் தாங்கல் கொடுப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியாமல் கறுப்புத் துணியைச் சுற்றிவிடுங்கள். திரையிலிருந்து கசியும் ஒளி எதிரே இருக்கும் விலங்குக்கும் தெரியும்.

மூன்று ஃபோகஸ்

படம் மங்கலாக வருகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். ஒரே சங்கிலியில் மூன்று ஃபோகஸ் வளையங்கள் இருக்கின்றன: முன்லென்ஸ், ஐபீஸின் டயாப்டர், கேமரா லென்ஸ். எதையாவது திருப்பி எப்படியாவது கூர்மைப்படுத்தப் பார்த்தால் முடிவே வராது. பின்னாலிருந்து முன்னோக்கி வர வேண்டும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, கேமரா லென்ஸை முடிவிலியில் வைத்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அடுத்து கேமராத் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிரே இருக்கும் பொருளைப் பார்க்காமல் ட்யூபின் திரையையே பாருங்கள். துடிக்கும் பொரிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே நகராத சில கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சில ட்யூப்களில் தேன்கூடுபோல மங்கலான கட்டங்களும் தெரியும். அவை ட்யூபுக்குள்ளேயே இருப்பவை. டயாப்டரை மெல்லத் திருப்பி, அந்தப் புள்ளிகளின் விளிம்பு கத்திபோலக் கூராகும் இடத்தில் நிறுத்துங்கள். ஐபீஸும் கேமராவும் இப்போது பொருந்திவிட்டன. அன்றிரவு இனி அவற்றைத் தொட வேண்டாம். பிறகு முன்லென்ஸ் ஒன்றைத்தான் திருப்ப வேண்டும், பொருளின் தூரத்துக்கு ஏற்றபடி. எஃப்/1.2-ல் ஃபோகஸ் ஆழம் குறைவு என்பதால், நடமாடும் விலங்கை எடுப்பதென்றால் அது வந்துபோகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு கூர்மையை எதிர்பார்க்கலாம்? நல்ல ட்யூப் ஒரு மில்லிமீட்டருக்கு 64 கோட்டு இணைகளை (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரித்துக் காட்டும். 18 மி.மீ. விட்டத்தில் 1,152 இணைகள். பிக்சலில் சொன்னால் சுமார் 2,300. அதாவது வட்டத்தின் முழு விவரத்தையும் பிடிக்க 4கே வீடியோ ஏறக்குறையப் போதும். 45 மெகாபிக்சல் கேமரா இங்கே எதையும் கூட்டித் தராது.

எக்ஸ்போஷரும் வண்ணமும்

எல்லாவற்றையும் கையாலேயே வையுங்கள். வட்டத்துக்கு வெளியே உள்ள கறுப்பைப் பார்த்து ஆட்டோ எக்ஸ்போஷர் ஏமாந்து, நடுவில் இருப்பதை வெளுக்கடித்துவிடும். வீடியோவுக்கு 1/25 அல்லது 1/30 நொடி. அதைவிட வேகமாக்கினால் பொரி கூடும். பக்கத்தில் விளக்கு இருந்தால், வெளிச்சத்துக்கேற்பத் தன்னைத்தானே வேகமாக அணைத்து எரியவிடும் ஆட்டோகேட்டிங் ட்யூப்களில் குறுக்குப் பட்டைகளும் ஓடலாம். நிழற்படமாக எடுப்பதென்றால் கால் நொடி, அரை நொடி வரை போங்கள். பொரிகள் தாமாகச் சராசரியாகிப் படம் பட்டுப்போல ஆகும். அசையாத வீடியோவில் 16 ஃபிரேம்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் பொரி நான்கில் ஒன்றாகக் குறையும். ஐஎஸ்ஓவை 800-லிருந்து 3200-க்குள் எங்காவது வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

பச்சைத் திரை ட்யூப் என்றால் ரா கோப்பில் எடுத்து, பச்சை சேனலை மட்டும் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். பச்சைப் பாஸ்பர் வெளியிடும் ஒளி 545 நானோமீட்டரைச் சுற்றியே குவிந்திருக்கிறது; சிவப்பு, நீல சேனல்களில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். வெள்ளைப் பாஸ்பர் ட்யூபில் மூன்று சேனல்களுக்கும் ஒளி கிடைப்பதால் கேமராவுக்கு அது இன்னும் வசதி. பச்சை நிறத்தை அப்படியே விட வேண்டும் என்பவர்களும் உண்டு, அது ரசனை.

அகச்சிவப்பு பற்றி

‘என் கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்ற வேண்டுமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். கேமரா பார்ப்பது ட்யூபின் திரையை. அதிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும் பச்சை அல்லது வெள்ளை ஒளி. அகச்சிவப்பைப் பிடிப்பது ட்யூபின் முன்முகம். மூன்றாம் தலைமுறை ட்யூப் சுமார் 900 நானோமீட்டர் வரை உணரும். இரவு வானம் அந்தப் பகுதியில் நாம் நினைப்பதைவிட வெளிச்சமானது. மேல்வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் தாமாகவே அங்கே ஒளிர்கின்றன. இலைகளும் 700 நானோமீட்டரைத் தாண்டினால் ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். நைட் விஷன் படங்களில் மரங்கள் பனி போர்த்தியதுபோல வெளுத்துத் தெரிவது இதனால்தான்.

கூடுதலாக அகச்சிவப்பு விளக்கு வாங்குவதென்றால் 850 நானோமீட்டர் வாங்குங்கள். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கு அறவே தெரியாது, சிலிக்கான் சென்சாருக்கும் ஒத்துவரும். ஆனால் மூன்றாம் தலைமுறை ட்யூப் அதை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. லேசர் வகை விளக்கை யார் முகத்துக்கும் நேராகக் காட்டாதீர்கள். கூசாத ஒளிக்குக் கண் இமைக்காது. விழித்திரை சுடுபடும்போது வலியும் தெரியாது.

வானத்தை நோக்கித் திருப்பினால்

ட்யூபும் கேமராவும் சேர்ந்து செய்யும் வேலைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது வானம். 1989 ஜூலை 6 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஒரு ராக்கெட் ஆய்வுக்காகக் குறைவொளி டிவி கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் இருந்த இடிமேகங்களுக்கு மேலே கணநேரம் எழுந்து மறைந்த ஒளித் தூண்கள் அதில் பதிவாயின. ‘ஸ்பிரைட்’ என்று இன்று நாம் அழைக்கும் மேல்வளிமண்டல மின்னலின் முதல் படம் அது. சில மில்லி நொடிகளில் முடிந்துபோகும் அத்தகைய நிகழ்வை நீண்ட எக்ஸ்போஷரில் பிரித்தறிய வழியே இல்லை. விண்கற்களும் இதே சாதிதான். கனடாவின் தானியங்கி விண்கல் கண்காணிப்பகத்தில் ட்யூப் பொருத்திய கேமராக்களும் வேலை செய்கின்றன.

தொலைநோக்கியோடும் சேர்க்கலாம். தொலைநோக்கியின் ஐபீஸுக்குப் பின்னால் நைட் விஷன், அதற்கும் பின்னால் செல்போன். இங்கே கவனிக்க வேண்டியது, ட்யூபில் போய்ச் சேரும் ஒளியின் செறிவு. எஃப்/5 தொலைநோக்கியில் 55 மி.மீ. ஐபீஸைப் போட்டு, 26 மி.மீ. முன்லென்ஸுள்ள கருவியை வைத்தால், 26-ஐ 55-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள்: ட்யூபைப் பொறுத்தவரை அது எஃப்/2.4. குவியத் தூரம் பெரிய ஐபீஸே இங்கே நல்லது. பகலில் பழகிய வழக்கத்துக்கு இது நேர்மாறு. 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜனை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியைச் சேர்த்தால், விளக்குகள் நிறைந்த இடத்திலிருந்தும் ஓரியன் நெபுலாவின் சுருள்கள் செல்போன் திரையில் நேரலையாகத் தெரியும்.

ட்யூபைக் காப்பாற்ற

ட்யூபுக்கு வெளிச்சம்தான் எதிரி. பகலில் மூடியைத் திறந்து இயக்காதீர்கள். ஒரே விளக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியும். லேசர் ஒரு கணம் பட்டாலே புள்ளி விழும். கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கு, ஃபிளாஷ், சிவப்பு நிலை விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தயாராகும் உயர்தர ட்யூப்களை அந்நாட்டு அரசின் உரிமம் இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. வேறு பல நாடுகளிலும் வைத்திருப்பதற்கும் இறக்குமதிக்கும் விதிகள் உண்டு, துப்பாக்கியோடு சேர்ப்பதற்குத் தனி விதிகளும் உண்டு. வாங்கும் முன் உங்கள் நாட்டு விதியைப் படித்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டுப் பக்கம் கருவியைத் திருப்பக் கூடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

பழைய ட்யூப் வாங்குவதென்றால் கேமராவே நல்ல பரிசோதகர். முன்மூடியில் சிறு துளை இருக்கும். மூடியைக் கழற்றாமலே, மங்கலான அறையில் வெற்றுச் சுவரை நோக்கிக் கருவியை இயக்கி, அரை நொடி எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். முன்லென்ஸை வேண்டுமென்றே ஃபோகஸ் தவறி வையுங்கள், சுவரின் கறைகள் மறையும். எஞ்சும் புள்ளிகளெல்லாம் ட்யூபுடையவை. நடுவட்டத்தில் பெரிய புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். ஓரத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாங்கிவிட்டால் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்: பிறகு எடுக்கும் படங்களைக் கணினியில் பிக்சல் பிக்சலாக அதனால் வகுத்தால் தேன்கூட்டுக் கட்டங்களும் ஓர இருட்டும் பெருமளவு சமமாகிவிடும். கேமராவைக் கழற்றி மாட்டும்போது வட்டம் சில பிக்சல் நகரும் என்பதால், ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும்.